எட்டாவது கொக்கி

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்காருகிறீர்களா அண்ணாச்சி? ஃபைல் மடங்குகிறது. மேலே வைக்கலாம்தான், யாரோ மீன்கூடை வைத்திருக்கிறார்கள். வெறுங்கூடைதான், ஆனாலும் சொட்டுகிறது. உள்ளே சர்டிபிகேட் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், இருந்தாலும் அசல் அசல்தானே.

தூத்துக்குடிதான் போகிறேன். பதினொரு மணிக்கு விசாரணை. போலீஸ் இல்லை, பயப்படாதீர்கள். கம்பெனி விசாரணை. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் போகிறேன். எல்லாம் என் அத்தையால் வந்தது. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, சண்முகக்கனி என்று பெயர். பெரியவர்களைப் பற்றிக் குறை சொல்கிறவன் இல்லை நான். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

ட்ரோன் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் மேலே பறந்து வீடியோ எடுக்கிறதே, அந்த ஜாதிதான். ஆனால் கல்யாண வீட்டு ட்ரோன் அரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்து இறங்கிவிடும். எங்கள் கம்பெனி ட்ரோன் இறங்கவே இறங்காது. சார்ஜ் குறைந்தால் பக்கத்தில் போகிற கரண்ட் கம்பியில் போய்த் தொற்றிக்கொள்ளும். கம்பியிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொண்டு மறுபடி பறக்கும். ஊர் ஊராகக் கம்பியைப் படம் எடுப்பதுதான் அதற்கு வேலை. எங்கே கிளை உரசுகிறது, எங்கே பட்டம் சிக்கியிருக்கிறது, எங்கே கம்பத்துப் பீங்கான் உடைந்திருக்கிறது, எல்லாம் படம். மின்சார ஆபீசுக்காகக் கம்பெனி எடுத்திருக்கிற கான்ட்ராக்ட் அது.

அதில் நான் கள ஒருங்கிணைப்பாளர். பெயர் பெரிதாக இருக்கிறது இல்லையா. ட்ரோனுக்குக் கீழே வெயிலில் நின்றுகொண்டு, கல்லை எடுக்கிறவர்களிடம் எறியாதீர்கள் என்று சொல்ல வேண்டும். ஆனாலும் பி.இ. கேட்டுத்தான் எடுத்தார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். இந்த வாரத்தோடு முடிகிறது. எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான்தான். சும்மா சொல்லவில்லை, தாலுகா ஆபீசில் வாங்கின முதல் பட்டதாரிச் சான்றிதழ் இந்த ஃபைலில் இருக்கிறது. லேமினேட் செய்திருக்கிறேன்.

எங்கள் ஊர் செவல்பொட்டல். அதில் ஓடைத் தெரு. எட்டு வீடு. ஓடைப் புறம்போக்கு என்பதால் பட்டா கிடையாது, பட்டா இல்லாததால் மீட்டர் கிடையாது. பதினொரு வருடமாக மனு கொடுக்கிறார்கள். வாசலுக்கு எதிரே கம்பம் நிற்கிறது, மேலே பெரிய லைன், கீழே வீட்டு லைன். கம்பத்து விளக்கு பகலிலும் எரிகிறது. வீட்டுக்குள் கரண்ட் இல்லை. அதனால் எல்லோரும் இருட்டிய பிறகு மூங்கில் கம்பால் கொக்கி போடுவார்கள், விடிவதற்குள் எடுத்துவிடுவார்கள். தப்புதான். நான் நியாயப்படுத்தவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை அத்தை வீட்டு பல்புக்குக் கீழேதான் படித்தேன். அது வேறு.

வேலையில் சேர்ந்த நாலாவது மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் லைன் பார்க்க வந்தோம். பெங்களூரிலிருந்து ஆதர்ஷ் சார், அவர்தான் எனக்கு மேலதிகாரி, இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, தமிழில் எழுதி ஆயிரம் பிரதி அடித்து ஒட்டச் சொன்னார். எளிமையாக எழுது, படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்றார். ட்ரோனுக்கு அடியில் நண்டுக் கால் மாதிரி ஒரு பிடிப்பான் இருக்கும், அதுதான் கம்பியைப் பிடிக்கும். அதற்கு என்ன வார்த்தை போடுவது? பற்றுக்கருவி என்று எழுதினேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அது என்ன கருவி எய்யா என்றாள். பிடிமானி என்றேன். அப்படியும் புரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். வேலையில் நான் அரைகுறையாக எதையும் செய்ய மாட்டேன். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தையையே போட்டேன். வேறு சொல் இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

இதோ, ஒரு பிரதி இருக்கிறது. கண்ணாடி கொண்டுவரவில்லையா, நான் வாசிக்கிறேன். "இந்த ட்ரோன் தானாகவே கம்பியில் கொக்கி போட்டு, தனக்குத் தேவையான கரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். இதற்கு முறையான அனுமதி உண்டு. இதனால் பொதுமக்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. யாரும் கல் எறிய வேண்டாம்."

ஒரு வார்த்தை பொய்யா? சொல்லுங்கள். ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.

ஒட்டின அன்றைக்கே அத்தை என்னைக் கம்பத்தடிக்குக் கூப்பிட்டாள். ட்ரோன் மேலே உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது. அத்தை அதற்குக் காக்கா என்று பேர் வைத்துவிட்டாள். கம்பியில் உட்காருவதால்.

"என்ன மருமவனே, உங்க கம்பெனி காக்காவுக்குக் கொக்கி போட அனுமதி உண்டாமே?"

"அது வேற அத்தை."

"எது வேற?"

எடுத்துச் சொன்னேன். நாம் போடுவது கம்பியைத் தொட்டு எடுப்பது, இது கம்பியைச் சுற்றியிருக்கிற காந்தப் புலத்திலிருந்து எடுப்பது. கம்பியைச் சுற்றிச் சும்மா கிடப்பது அது, வீணாகப் போவது என்றேன். புரிவதற்காக அப்படிச் சொன்னேன். உண்மையில் வீணாகப் போவதில்லை, அதுவும் லைனிலிருந்துதான் போகிறது. பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போட மாட்டார்கள். அது வேறு.

அத்தை எரிகிற தெருவிளக்கைக் காட்டினாள். மத்தியானம் பன்னிரண்டு மணி. "வீணாப் போறதத்தான்ல நாங்களும் எடுக்கோம்" என்றாள்.

மீதி நோட்டீசை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஒட்டப் போனேன்.

அடுத்த திங்கள்கிழமை எங்கள் வீடு தவிர மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் மனுவோடு வந்தார்கள். மனு கொடுப்பதில் எங்கள் தெருவுக்குப் பதினொரு வருட அனுபவம். இந்தத் தடவை என் நோட்டீசைப் பார்த்து எழுதியிருந்தார்கள். "சண்முகக்கனி ஆகிய நான் தானாகவே கம்பியில் கொக்கி போட்டு, எனக்குத் தேவையான கரண்டை மட்டும் எடுத்துக்கொள்வேன். இதனால் பொதுமக்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. யாரும் கல் எறிய வேண்டாம்." ஏழு பேருக்கும் பெயர் மட்டும் வேறு. பிழை பார்த்துத் தரச் சொன்னார்கள். தானாகவே என்பதை நானாகவே என்று மாற்றிக் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். இதை விசாரணையில் கேட்டால் ஒத்துக்கொள்வேன், மறைக்க மாட்டேன்.

மின்சார ஆபீசில் மனுவை வாங்கி, மனு பெறப்பட்டது என்று ஆளுக்கொரு சீட்டில் சீல் குத்திக் கொடுத்தார்கள். பெறப்பட்டது என்றால் கையில் வாங்கிக்கொண்டோம் என்று அர்த்தம். எங்கள் தெருவில் அதற்கு அனுமதி என்று அர்த்தமாகிவிட்டது. சீல் இருக்கிறதே. சீட்டை வாசலில் ஒட்டினார்கள். அதுவரை இருட்டில் கழியைத் தூக்கினவர்கள் பட்டப்பகலில் கொக்கி போட்டுவிட்டு, கீழே கட்டில் போட்டுப் படுத்தார்கள். அத்தை மிக்ஸி வாங்கிவிட்டாள். பழைய மிக்ஸிதான். காலையில் சட்னி அரைக்கிற சத்தம் எனக்கு வெடி வைக்கிற மாதிரி கேட்கும். வேண்டாம் அத்தை, சீல் என்றால் அப்படி இல்லை என்று சொன்னேன். "பதினோரு வருசத்துல குத்துன மொத சீலு, அதுவும் தப்புங்கியா?" என்றாள்.

எங்கள் அம்மா மட்டும் மனு கொடுக்கவில்லை. அவள் பயந்தவள். என் வேலைக்கு ஏதும் வந்துவிடக் கூடாது என்று. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும்போது காலையில் கழற்றிவிடுவாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துதான் மாட்டுவாள். எதை மாட்டுவாள் என்றா கேட்டீர்கள்? வயரைத்தான். அது வேறு அண்ணாச்சி.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். ட்ரோன் எடுக்கிற படமெல்லாம் சாயங்காலம் என் லேப்டாப்புக்கு வரும். ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று நான் குறிக்க வேண்டும். ஒரு பட்டியல் இருக்கும். கிளை, பட்டம், பறவைக் கூடு, உடைந்த பீங்கான், கொக்கி. அதில் ஒன்றை அமுக்க வேண்டும். அன்றைக்கு ஐந்தரை மணிக்கு எங்கள் தெருப் படம் எட்டு வந்தது. எட்டிலும் கொக்கி. படம் அவ்வளவு தெளிவு. அத்தை கொக்கியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள், தன்னுடையது என்று அடையாளத்துக்கு.

என்ன செய்வீர்கள் நீங்கள்? சம்பளம் வாங்குகிறேன். கண்ணால் பார்த்ததைக் குறிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். ஏழு படத்துக்குக் கொக்கி என்று அமுக்கினேன். அத்தையுடையதற்கும்தான். சொந்தம் என்று பார்த்தால் வேலை செய்ய முடியாது.

எட்டாவது படம் கொஞ்சம் மங்கல். அப்படி ஒன்றும் மங்கல் இல்லை, ஆனால் சூரியன் எதிரே இருந்தது. வயர் சுருண்டு கிடந்தது கூடு மாதிரியும் இருந்தது. பறவைக் கூடு என்று அமுக்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம். பறவைக் கூடு என்று அமுக்கினால் அந்த மெஷின் இன்னொரு கேள்வி கேட்கும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை கூடு எதுவும் வரவில்லை. முட்டைகள் தெரிகின்றனவா என்று கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லாத முட்டையை எப்படி அண்ணாச்சி இருக்கிறது என்று சொல்வது? இல்லை என்று அமுக்கினேன். அது தானாகவே கூட்டை அழித்துவிட்டுக் கொக்கி என்று மாற்றிக்கொண்டது. மொத்தம் எட்டு. திருத்தப் போவதற்குள் அனுப்பப்பட்டது என்று வந்துவிட்டது.

மறுநாள் ஆதர்ஷ் சார் கூப்பிட்டுப் பாராட்டினார். ஒரே தெருவில் எட்டு, அருமை என்றார். நாளைக் காலை பறக்கும் படை வருகிறது, நீ ட்ரோனோடு அங்கேயே இரு, படம் காட்ட வேண்டியிருக்கும் என்றார். மின் திருட்டைப் பிடிக்கிற படைக்கு அதுதான் பேர். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா, நாளைக்கு எங்கே வேலை என்று கேட்டாள். அம்மாவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இங்கேதான், பறக்கும் படை வருகிறது என்றேன். ஆபீஸ் ரகசியத்தை வெளியே சொன்னதாக அதை எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு பயம் இருக்கிறது.

அம்மா போய்த் தெருவில் சொல்லியிருக்கிறாள். ஏழு வீட்டுக்கும் சொன்னாள், நல்லெண்ணத்தில். ஆனால் எங்கள் ஊரில் பறக்கிறது என்றால் இப்போது அந்த ட்ரோன்தான். அது தினமும் வருகிறது, படம் எடுக்கிறது, கொக்கி போடுகிறது, போகிறது. அதற்காக அம்மாவைத் தவிர யார் கொக்கியைக் கழற்றுவார்கள்? காலையில் எல்லோரும் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறக்கும் படை ஜீப்பில் வந்தது.

ஆறு பேர். அவர்களில் அதிகாரி ஒரு தடித்த மனிதர், கையில் பட்டியல். எதையும் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் நேரில் பார்ப்பார். ஏழு கொக்கியையும் எடுத்து ஜீப்புக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். சீட்டைக் காட்டினார்கள் எங்கள் ஆட்கள். அவர் படித்துப் பார்த்து, பெறப்பட்டது என்றால் பெறப்பட்டதுதான் என்றார். அர்த்தம் நான் சொன்னதுதான். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

பிறகு எண்ணினார். ஏழு. பட்டியலைப் பார்த்தார். எட்டு. மறுபடி எண்ணினார்.

"எட்டாவது எங்க?" என்று என்னைக் கேட்டார்.

எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது, அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஆனால் கூரை ஓரத்தில் வயர் நுனி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மெல்லத் திரும்பி ஒவ்வொரு கூரையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் கூரைக்கு வந்துவிட்டார். பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை முன்னால் வந்தாள்.

"அய்யா, எட்டாவது அந்தா மேல உக்காந்திருக்கு."

ட்ரோனைக் காட்டினாள் அண்ணாச்சி. இடுப்பிலிருந்து என் நோட்டீசை எடுத்து நீட்டினாள். "கொக்கி போட்டுக் கரண்ட எடுக்கும்னு அவங்களே அடிச்சு ஒட்டிருக்காங்க. எங்களப் பிடிச்சா அதையும் பிடிங்க."

அவர் நோட்டீசை இரண்டு தடவை படித்தார். மேலே பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். எட்டு என்றால் எட்டு வேண்டும் அவருக்கு. ஏழோடு போனால் ஒன்றை விட்டுக்கொடுத்ததாக மேலே கேட்பார்களாம். இறக்கு அதை என்றார்.

இறக்க முடியாது. எண்பது சதவீதம் ஏறாமல் அது கம்பியை விடாது, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அப்போது நாற்பத்தொன்றுதான் இருந்தது. இருபது நிமிடம் ஆகும் சார் என்றேன். திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, திருடி முடிக்கும் வரை அந்த ஆறு பேரும் புளிய மரத்தடியில் நின்றார்கள். அத்தை அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் அறுபது, அறுபத்தைந்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

இறங்கினதும் வழக்கு எழுதினார்கள். நுகர்வோர் பெயர், ட்ரோன். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் கம்பெனி பெயர். இருப்பிடம், பதினான்காம் நம்பர் கம்பம். கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும் என்று அதன் சார்பில் என்னைப் போடச் சொன்னார்கள். எங்கள் தெருக்காரர்கள் ஏழு பேருக்குப் பக்கத்தில் எட்டாவதாக நானும் கையெழுத்துப் போட்டேன்.

ட்ரோனை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒரு ஃபோன், இரண்டு மணி நேரத்தில் அனுமதிக் கடிதம், முன்தேதி போட்டு. மற்ற ஏழு வழக்கும் அப்படியே இருக்கிறது. தெருவில் ஏழு வீடும் இருட்டு. அத்தை மிக்ஸியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

ஆனால் கம்பெனிக்குக் கெட்ட பேர். ட்ரோனைத் திருட்டுக் கேசில் பிடித்தார்கள் என்று பேப்பரில் வந்துவிட்டது. ஆதர்ஷ் சார் ஒரு வாக்குமூலம் தயார் செய்து அனுப்பியிருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் வேலை இன்றைக்கே நிரந்தரம். போடாவிட்டால் இன்றைக்கே முடிந்தது. இரண்டே விஷயம்தான் அதில். உள்நோக்கத்தோடு ட்ரோனைக் காட்டிக்கொடுத்தவர் பெயர், சண்முகக்கனி. அதை அவர்களே அடித்துவிட்டார்கள். அதற்குக் கீழே, உண்மையில் எட்டாவது கொக்கி போட்டிருந்த வீட்டுக்காரர் பெயர். அது கோடு போட்டுக் காலியாக இருக்கிறது.

அத்தை ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. என் வேலை போக வேண்டும் என்றுதானே? ஏழு படம் அமுக்கினது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் கோபம். வேறென்ன? அம்மா இன்றைக்குக் காலையில், போகிறதுக்கு முன்னால் அத்தையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போ என்றாள். மாட்டேன் என்றேன். "அவ வேணும்னேதாம்ல காட்டுனா" என்றாள் அம்மா. அதைத்தானே நானும் சொல்கிறேன் அண்ணாச்சி, வேண்டுமென்றேதான் காட்டினாள்.

பஸ் ஏறும்போது அத்தை ஸ்டாப்பில்தான் இருந்தாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன். "சாப்ட்டியாடா" என்றாள். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

என்ன அண்ணாச்சி அப்படிப் பார்க்கிறீர்கள்?

எட்டாவது வீடு எங்கள் வீடுதான். ஆமாம். அதைத்தான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறேனே.

அவர் பேனாவைத் திறந்தபோதுதான் அத்தை வந்தாள். ஆமாம். எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. அதையும் சொன்னேன்.

கொஞ்சம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். காற்றே வரவில்லை.

தருவைகுளம் தாண்டிவிட்டோமா? அப்படியென்றால் இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நான் எட்டாவதைக் கொக்கி என்று குறிக்கவே இல்லை, தெரியுமா? பறவைக் கூடு என்றுதான் குறித்தேன். பதிவில் இருக்கிறது. மெஷின் மாற்றினதற்கு நான் பொறுப்பில்லை. கூடு என்றால் அது யார் வீட்டு மேலும் இருக்கலாம். அத்தையும் காக்கா என்றுதான் சொன்னாள், ட்ரோன் என்று அவள் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. கூட்டைக் கேட்டார்கள், காக்காவைக் காட்டினாள். அதில் என்ன உள்நோக்கம்? அந்தப் பெயரை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லலாம். சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. சொல்லிப் பார்க்கலாம்.

முட்டை இருந்ததா என்று மறுபடி கேட்பார்கள். இருந்தது, அன்றைக்கு வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிடலாம். ஒரே ஒரு தடவைதானே.

நீங்கள் கிராமத்து ஆள்தானே அண்ணாச்சி, உங்களுக்குத் தெரிந்திருக்கும். காக்கா ஒரு கூட்டில் எத்தனை முட்டை போடும்? சரியான கணக்காகச் சொல்லுங்கள்.